மாடுகள் முதலில் நொண்டின

கொக்குவிலில் நாங்கள் நாலு பேர் வாடகைக்கு இருக்கிற அறையில் ஒரு கேத்தல் இருக்கு. ரெண்டு மாதத்துக்கு ஒருக்கா அதன் அடியில் சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளைப் படை பிடிக்கும். தேசிக்காய் பிழிஞ்சு கொதிக்க வைச்சால் தகடு தகடாய் உரிஞ்சு வரும். யாழ்ப்பாணத்துக் கிணத்துத் தண்ணியின் கையெழுத்து அது. கீழே சுண்ணக்கல், மேலே நாங்கள்.

நாலு பேரில் ஒருவன் வவுனியாப் பக்கத்துப் பெடியன். படம் எடுக்கேக்க வாயை மூடிக்கொண்டுதான் நிப்பான். முதலாம் வருசத்தில ஆரோ ஒராள் பகிடியாய், "கொக்குவிலுக்கு வந்த உடனேயே சுருட்டுப் பிடிக்கப் பழகிட்டியோ?" எண்டு கேட்டதுக்குப் பிறகு சிரிக்கிறதையே குறைச்சுக்கொண்டான். அவனுடைய முன்பல்லுகளில் குறுக்காக மண்ணிறக் கோடுகள் இருக்கு. வெத்திலையும் இல்லை, சுருட்டும் இல்லை. ஒரு நாள் ராத்திரி மின்சாரம் போயிருந்த நேரம் அவனாகவே சொன்னான்: "எங்கட ஊரில கனபேருக்கு இப்பிடித்தான். அம்மம்மாவின்ர மாட்டுக்கும் இதே பல்லுத்தான்."

நாங்கள் சிரிச்சம். பிறகு அவன் சிரிக்காததைக் கண்டு நிப்பாட்டினம். அந்தச் சிரிப்புக்குப் பிராயச்சித்தமாய் நாங்கள் வாசிக்கத் தொடங்கியதுதான் இந்தக் கட்டுரை. நாங்கள் கலைப்பீட மாணவர்கள். விஞ்ஞானத்தைச் சாதாரண தரத்தோடு கைகழுவினவர்கள். ஆனால் அவன் சொன்ன அந்த ஒற்றை வசனத்துக்கு, மாட்டுக்கும் மனிசனுக்கும் ஒரே பல்லு என்ற வசனத்துக்கு, ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அதில் முதலில் வருவது மாடுதான்.

*

1930களின் தொடக்கம். அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டம். பொதிலி, தர்சி, கனிகிரி என்று மூன்று வறண்ட தாலுகாக்கள். இன்றைக்கு அவை ஆந்திராவில் இருக்கிற ஊர்கள். மழை குறைவு, ஆறு இல்லை, கிணற்றை நம்பிய வாழ்க்கை. யாழ்ப்பாணத்துக்காரருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. அங்கே கமக்காரர் ஒரு விசயத்தைக் கவனித்தார்கள். ஏர் இழுக்கிற எருதுகள் நடக்கக் கஷ்டப்பட்டன. மூட்டுகள் இறுகி, காலை எடுத்து வைக்கவே வேதனைப்பட்டன. கொள்ளை நோய் மாதிரி ஒரு கிழமையில் விழுந்து சாகவில்லை. மெல்ல மெல்ல, வருசக்கணக்கில், உழைக்க முடியாத மாடுகளாக மாறின.

இந்த இடத்தில் ஒரு சின்ன விலகல். இந்தப் பகுதி சாதாரண மாட்டுப் பகுதி இல்லை. ஒங்கோல் எருது பிறந்த மண் இது. வெள்ளை நிறம், பெரிய திமில், கம்பீரமான நடை. இந்த இனத்தைக் கப்பல் ஏற்றிப் பிரேசிலுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இன்றும் இறைச்சிக்காக வளர்க்கப்படுகிற மிகப்பெரிய மாட்டினத்தின் பெயர் 'நெலோரே'. நெல்லூர்தான் அப்படி மருவியது. உலகத்துக்கே பலமான மாட்டைக் கொடுத்த ஒரு வட்டாரத்தில், மாடு நடக்க முடியாமல் நிற்கிறதென்றால் அதை அந்த ஊர்க் கமக்காரன் கவனிக்காமல் விடுவானா?

இனி அரச ஏடுகளுக்கு வருவோம். 1934இல் ஹைதராபாத் சமஸ்தானத்தில் கால்நடை நோய் ஆய்வு அதிகாரியாக இருந்த மகாஜன் என்பவருடைய ஆண்டறிக்கையில் மாடுகளில் புளோரைட்டு நோய் பற்றிய பதிவு வருகிறது. அடுத்த வருசம் சென்னை மாகாணத்திலிருந்து விசுவநாதன் என்பவருடைய அறிக்கை. பிறகுதான், 1937இல், எல்லாப் பாடப்புத்தகங்களும் மேற்கோள் காட்டுகிற அந்தக் கட்டுரை வருகிறது: சென்னை மாகாணத்தில் காணப்படும் புளோரைட்டு நோயும் அதனால் வரும் என்பு விகாரங்களும் பற்றியது. எழுதியவர்கள் ஷோர்ட், மக்ரொபேர்ட், பார்னார்ட், மன்னாடி நாயர் என்ற நாலு பேர்.

ஹென்றி எட்வர்ட் ஷோர்ட் அப்போது கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டின் இயக்குநர். அம்மை குத்துகிற மருந்து தயாரிக்கத் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. மலேரியா வரலாறு வாசித்தவர்களுக்கு இவரைத் தெரிந்திருக்கும். 1948இல் லண்டனில் கார்ன்ஹாமோடு சேர்ந்து மலேரியாக் கிருமி மனிதனின் இரத்தத்துக்குள் போக முதல் ஈரலுக்குள் ஒளிந்து வளர்கிறது என்று காட்டியவர் இவர்தான். பார்னார்ட், சென்னை அரசினர் பொது வைத்தியசாலையில் எக்ஸ்ரே பிரிவை நடத்தியவர். அவர் பெயரிலேயே பார்னார்ட் கதிரியல் நிறுவனம் இன்றும் அங்கே இருக்கிறது. எக்ஸ்ரே இல்லாவிட்டால் இந்த நோயின் முகத்தைக் கண்டிருக்கவே முடியாது. வழமையான முதுகெலும்பில் ஒவ்வொரு முள்ளெலும்பும் தனித்தனியாய்த் தெரியும். இவர்கள் பார்த்த நோயாளிகளிலோ என்பு சுண்ணாம்புக் கட்டி மாதிரி அடர்த்தியாகி, இணைக்கும் நார்களும் கல்லாகி, முதுகு முழுக்க ஒரே தடி மாதிரி ஆகியிருந்தது. குனிய முடியாது. கழுத்தைத் திருப்ப முடியாது. கடைசியில் நரம்பு நசுங்கி, கால்கள் சோரும்.

கிங் இன்ஸ்டிடியூட்டில் வேலை அதோடு நிற்கவில்லை. சி. ஜி. பண்டிட்டும் அவருடைய குழுவும் 1940இல் இதே விசயத்தைத் தொடர்ந்து எழுதினார்கள். ஒரே கிணற்றுத் தண்ணியைக் குடிக்கிறவர்களில் சிலர் ஏன் கூடுதலாக முடமாகிறார்கள், சாப்பாட்டில் இருக்கிற குறைக்கு அதில் பங்கு உண்டா என்று பார்த்தார்கள். குரங்குகளுக்குப் புளோரைட்டு கொடுத்து நோயைச் செயற்கையாக உண்டாக்கியும் பார்த்தார்கள். பண்டிட் பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் இயக்குநரானார்.

எங்களுக்குள் ஒரு சண்டை வந்தது இந்த இடத்தில்தான். "ஷோர்ட் கண்டுபிடித்தார்" என்று எழுதலாமா? எங்களில் ஒருத்தி, வரலாறு சிறப்புக்கலை படிக்கிறவள், ஒத்துக்கொள்ளவே இல்லை. "எருது நொண்டுது எண்டதைக் கண்டவன் கமக்காரன். தண்ணியில ஏதோ இருக்கெண்டு எக்ஸ்ரேயும் ரசாயனமும் வைச்சுக் காட்டினவர் ஷோர்ட். ரெண்டும் கண்டுபிடிப்புத்தான். ஆனா ஒண்டுக்குத்தான் பெயர் இருக்கு." மற்றவன் கேட்டான்: "கமக்காரனுக்குக் காரணம் தெரியாதே?" அவள் விடவில்லை: "ஷோர்ட்டுக்கும் காரணத்தில பாதிதான் தெரியும். கலத்துக்குள்ள என்ன நடக்குதெண்டு அவருக்கும் தெரியாது." அவள் சொன்னது நியாயம் என்றுதான் நாங்கள் இப்போது நினைக்கிறோம். ஆனாலும் 1937 கட்டுரையின் மதிப்பை அது குறைக்கவில்லை. மாட்டின் வேதனை கமக்காரரின் பேச்சில் மட்டும் இருந்தவரை எந்தக் கிணறும் மூடப்படவில்லை.

*

நெல்லூர் தனியாக இருக்கவில்லை. 1931 என்ற ஒரே வருசத்தில் உலகத்தின் மூன்று மூலைகளில் ஆட்கள் இதே குற்றவாளியைப் பிடித்தார்கள்.

அமெரிக்காவின் கொலராடோவில் பிரெடரிக் மக்கே என்ற பல்வைத்தியர் 1901இலிருந்து ஒரு மண்ணிறக் கறையின் பின்னால் அலைந்துகொண்டிருந்தார். அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளின் பல்லில் மட்டும் அந்தக் கறை. வெளியிலிருந்து வளர்ந்தபின் வந்து குடியேறினவர்களுக்கு இல்லை. முப்பது வருசம் தேடினார். கடைசியில் ஆர்கன்சாஸ் மாநிலத்தின் பொக்சைட் என்ற சுரங்க ஊரின் தண்ணியை அலுமினியக் கொம்பனி ஒன்றின் இரசாயனவியலாளர் சேர்ச்சில் பரிசோதித்தபோது லீற்றருக்கு 13.7 மில்லிகிராம் புளோரைட்டு இருந்தது. அதே வருசம் அரிசோனாவில் மார்கரெட் ஸ்மித்தும் கூட்டாளிகளும் கறைப்பல் ஊர் ஒன்றின் தண்ணியை வற்றச்செய்து எலிகளுக்குக் கொடுத்தார்கள். எலிப் பல்லும் கறைபிடித்தது. அதே காலத்தில் மொரோக்கோவில், பொஸ்பேற்றுப் பாறைகள் நிறைந்த மேட்டுநிலத்தில் மேய்கிற செம்மறிகளின் பல் நோய்க்கும் காரணம் இதுதான் என்று வேலு என்ற பிரெஞ்சு மிருகவைத்தியர் காட்டினார். (பெயரைப் பார்த்து எங்கட ஆள் எண்டு நாங்கள் சந்தோசப்பட்டது வீண்.)

ஆக, அமெரிக்காவில் பிள்ளையின் பல், ஆய்வுகூடத்தில் எலியின் பல், மொரோக்கோவில் செம்மறியின் பல், நெல்லூரில் எருதின் கால். இன்னும் பின்னுக்குப் போனால் ஐஸ்லாந்து. 1783 யூனில் அங்கே லாக்கி எரிமலைப் பிளவு திறந்தது. எட்டு மாதம் ஓயவில்லை. கோடிக்கணக்கான தொன் கந்தக வாயுவோடு ஏறத்தாழ 80 இலட்சம் தொன் புளோரினும் வெளியேறிப் புல்லில் படிந்தது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நாட்டின் செம்மறிகளில் ஐந்தில் நாலு பங்கும், மாடுகளிலும் குதிரைகளிலும் பாதியும் செத்தன. பிறகு பஞ்சம். மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மாண்டது. யோன் ஸ்டைங்ரிம்சன் என்ற பாதிரியார் மிருகங்களின் விலாவிலும் காலிலும் கட்டிகள் எழும்பினதை எழுதி வைத்திருக்கிறார். புளோரின் என்ற மூலகத்தைப் பிரித்தெடுத்தது அதற்கு நூறு வருசத்துக்குப் பிறகு, 1886இல், பாரிசில் ஹென்றி மொய்சான். காரணத்துக்குப் பெயர் வைக்க முதலே விளைவை எழுதிவைத்த ஒரு பாதிரியார்! எங்கட வரலாறுக்காரி இதை வாசிச்சிட்டு எங்களைப் பார்த்த பார்வையை இங்கே எழுத ஏலாது.

*

சரி, உடம்புக்குள் என்னதான் நடக்கிறது? இதை விளங்கிக்கொள்ள எங்களுக்குக் கனநாள் எடுத்தது. விளங்கின மட்டும் சொல்கிறோம்.

பல்லும் என்பும் கல்சியமும் பொஸ்பேற்றும் சேர்ந்த ஒரு பளிங்கினால் ஆனவை. அப்பதைற்று என்று பெயர். அனுராதபுர மாவட்டத்து எப்பாவலவில் தோண்டுகிற பொஸ்பேற்றுப் பாறையும் இதே குடும்பம்தான். எங்கட பல்லும் எப்பாவலப் பாறையும் சொந்தக்காரர். இந்தப் பளிங்கில் ஐதரொட்சில் இருக்கிற கதிரையில் புளோரைட்டு சுகமாய் ஏறி உட்கார்ந்துவிடும். கொஞ்சமாய் உட்கார்ந்தால் பல் அமிலத்துக்கு அசையாது, சொத்தை குறையும். பற்பசையில் அதைப் போடுவதன் நியாயம் அதுதான். கூடினால் கதை மாறும். பல் முளைக்க முதல், முரசுக்குள் இருக்கும்போதே, மிளிரியைக் கட்டுகிற கலங்கள் குழம்பிப்போகும். மிளிரி இறுகும்போது வெளியேற வேண்டிய புரதம் வெளியேறாமல் தங்கும். நுண்ணிய துளைகளோடு பல் முளைக்கும். துளைகளுக்குள் சாயம் ஏறி மண்ணிறமாகும். அதனால்தான் வளர்ந்தபின் வந்தவருக்கு அந்தக் கோடு வருவதில்லை. எங்கட கூட்டாளியின் பல்லில் இருக்கிறது அவன் சின்ன வயசில் குடித்த கிணறு.

மாட்டிலும் இதேதான், ஆனால் இன்னும் வடிவாக வாசிக்கலாம். மாட்டுக்கு முன்பல் கீழ்த்தாடையில் மட்டும்தான். எட்டுப் பல். ரெண்டு வயசளவில் முதல் சோடி விழுந்து முளைக்கும், பிறகு ஒவ்வொரு சோடியாக நாலு வயசு மட்டில் முடியும். சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து வயது சொல்கிறார்களே, அந்தக் கணக்கு. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்காதே எண்டு சொல்லுவினம். ஆனால் பிடிச்சுப் பார்த்தால், கன்று எந்தக் காலத்தில் கெட்ட தண்ணி குடித்தது, எந்தக் காலத்தில் தப்பியது என்பது சோடி சோடியாக அதில் எழுதியிருக்கும்.

பல் தேய்ந்த மாடு சரியாக அரைக்காது. நரம்பு வெளியே தெரிகிற அளவுக்குத் தேய்ந்தால் குளிர்ந்த தண்ணியை இழுத்துக் குடிக்கப் பயப்பட்டு நாக்கால் நக்கும். தீன் குறையும், பால் குறையும், மாடு வத்தும். அதேநேரம் புளோரைட்டு என்பில் வருசக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். தாடையிலும் விலாவிலும் கணுக்காலுக்கு மேலும் என்பு கட்டி கட்டியாய்த் தடிக்கும். குளம்புக்குள் இருக்கிற சின்ன என்பு வெடித்தால், பாரத்தை மாற்ற மாடு முன்காலைக் குறுக்காகப் போட்டு நிற்கும். வீட்டு மிருகங்களில் மாடுதான் இதற்கு மிகவும் இளகியது. கோழி ஓரளவு தாங்கும். ஒரு பசு நாளைக்கு 40, 50 லீற்றர் தண்ணி குடிக்கிறதையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு ஆறுதல், பாலுக்குள் புளோரைட்டு மிகக் கொஞ்சமே இறங்கும். விசத்தைத் தன் என்பில் வைத்துக்கொண்டு மாடு எங்களுக்குப் பாலைத் தருகிறது.

இனி கலம். நீங்கள் எப்போதாவது சீனி வருத்தத்துக்கு இரத்தம் கொடுத்திருந்தால் சாம்பல் நிற மூடி போட்ட ஒரு சின்னக் குழாயைக் கண்டிருப்பீர்கள். அதற்குள் இருக்கிற தூள் சோடியம் புளோரைட்டு. ஏன்? உடம்பை விட்டு வெளியே வந்தாலும் இரத்தக் கலங்கள் உயிரோடுதான் இருக்கும், குழாய்க்குள் இருக்கிற சீனியைத் தின்றுகொண்டே இருக்கும். அப்படித் தின்றால் பரிசோதனையில் அளவு குறைத்துக் காட்டும். புளோரைட்டு, சீனியை உடைத்துச் சக்தி எடுக்கிற வரிசையில் இனோலேஸ் என்ற நொதியத்தைப் பூட்டிவிடும். அந்த நொதியத்துக்கு மக்னீசியம் துணை வேண்டும். புளோரைட்டு அந்த மக்னீசியத்தோடேயே சேர்ந்து வாசலை அடைத்துக்கொள்ளும். கலம் பட்டினி கிடக்கும். எந்த வைத்தியசாலையிலும் ஒவ்வொரு காலையும் நடக்கிற காரியம் இது. குழாயில் இருக்கிற செறிவு உடம்பில் ஒருநாளும் வராது, உண்மைதான். ஆனால் இந்தப் பொருளுக்கு என்பு மட்டும் இல்லை, கலத்தின் அடுப்படியும் தெரியும் என்பதை விளங்க எங்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை.

எலியிலும் சுண்டெலியிலும் கடந்த சில தசாப்தங்களில் செய்த பரிசோதனைகள் இதைத்தான் விரித்துச் சொல்கின்றன. இழைமணிகள் குழம்பி, அவசர ஒட்சியேற்றப் பொருள்கள் கூடி, கலத்தின் மென்சவ்வும் மரபணுவும் அடிபடுகின்றன. சில கலங்கள் தாங்களாகவே மடிகின்றன. ஈரல், விதை, மூளை என்று பல உறுப்புகளில் இதைக் கண்டிருக்கிறார்கள். அடி அதிகம் விழுகிற இடம் சிறுநீரகம், ஏனென்றால் புளோரைட்டு வெளியேறுகிற வாசலே அதுதான். வாசல் பழுதானால் விசம் உள்ளே தங்கும். தங்கின விசம் வாசலை இன்னும் பழுதாக்கும்.

இங்கே ஒன்று சொல்லாமல் விட்டால் பிழை. இந்தப் பரிசோதனைகளில் கனக்க, எலிகளுக்குக் கொடுத்த அளவு எங்கட கிணறுகளில் இருப்பதைவிட எத்தனையோ மடங்கு கூட. எலியின் உடம்பு புளோரைட்டை வேறு மாதிரிக் கையாளுவதால் அப்படிக் கூட்டிக் கொடுக்க வேண்டியும் இருக்கிறது. அதனால் "எலிக்கு ஈரல் கெட்டது, ஆகவே உங்களுக்கும்" என்று முகப்புத்தகத்தில் பகிர்கிறவர்களை நம்பவேண்டாம். அதே மூச்சில், "அதெல்லாம் எலிக்கு" என்று தட்டிவிடுகிறவர்களையும் நம்பவேண்டாம். நெல்லூர் எருதுக்கு எவரும் ஆய்வுகூடத்தில் விசம் ஊற்றவில்லை. அது குடித்தது ஊர்க் கிணறு.

*

மாடு சொன்னதைக் கேட்காத கதை பிறகும் நடந்தது. கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையில் சென் லோரன்ஸ் ஆற்றில் கோர்ண்வோல் தீவு இருக்கிறது. மொகாக் பழங்குடி மக்களின் அக்வெசாஸ்னே நிலத்தில் ஒரு பகுதி. அக்கரையில் அலுமினிய ஆலை. அதன் புகையில் வந்த புளோரைட்டு தீவின் புல்லில் படிந்தது. மாடுகள் நிற்க முடியாமல் வயிற்றால் ஊர்ந்து ஊர்ந்து மேய்ந்தன. கோர்னெல் பல்கலைக்கழகத்தின் குரூக், மேலின் என்ற ரெண்டு ஆய்வாளர்கள் 1979இல் அதை எழுதி வெளியிட்டார்கள். இந்தியாவில் ராஜஸ்தானில் சோபிசா என்பவர் மாடு, எருமை, ஆடு, குதிரை, கழுதை, ஒட்டகம் வரை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பதிந்துகொண்டு வந்திருக்கிறார். தமிழ்நாட்டில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரித் தண்ணியைக் கொண்டுபோகிற ஒகேனக்கல் திட்டத்தின் பெயரிலேயே புளோரைட்டு நோய்த் தணிப்பு இருக்கிறது. ஜப்பான் நிதி. நெல்லூரில் எருது நொண்டி எழுபது வருசத்துக்கு மேலே.

*

எங்கட நாட்டுக்கு வருவோம். 1974இல் செனவிரத்னவும் தம்பிப்பிள்ளையும் மற்றவர்களும் இலங்கையின் புளோரைட்டு நோய் பற்றி இலங்கை மருத்துவ சஞ்சிகையில் எழுதினார்கள். 1985இல் பேராதனையின் திசாநாயக்கவும் வீரசூரியவும் நாட்டின் நிலத்தடி நீர் இரசாயன வரைபடத் தொகுதியை வெளியிட்டபோது, வரண்ட வலயத்தின் மேல் புளோரைட்டு ஒரு போர்வை மாதிரி விரிந்து கிடப்பது தெரிந்தது. அனுராதபுரம், பொலன்னறுவை, வவுனியா என்று நீளும் பழைய பளிங்குப் பாறை நிலம். பாறையில் இருக்கிற கனிமங்களிலிருந்து அது மெல்லக் கரைந்து இறங்குகிறது. மழை குறைந்த, வெயில் கூடிய நிலத்தில் தண்ணி நின்று செறியும்.

இதில் மிகக் கசப்பான பகுதி குழாய்க்கிணறு. கடந்த நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் வெளிநாட்டு உதவியோடு வரண்ட வலயமெங்கும் கைப்பம்பி பூட்டின குழாய்க்கிணறுகள் இறக்கினார்கள். கிருமி இல்லாத தண்ணி கொடுக்கும் நல்ல எண்ணம்தான். ஆனால் ஆழமாகத் துளைத்தபோது பல இடங்களில் பாறையோடு நீண்டகாலம் கிடந்த, புளோரைட்டு கூடின தண்ணி மேலே வந்தது. வயிற்றோட்டத்துக்குத் தப்பின பிள்ளையின் பல்லில் கோடு விழுந்தது.

யாழ்ப்பாணம் ஏன் பெரும்பாலும் தப்பியது? எங்கட கேத்தலைப் பாருங்கள். சுண்ணக்கல் நீரில் கல்சியம் தாராளம். கல்சியமும் புளோரைட்டும் சேர்ந்தால் இலகுவில் கரையாத உப்பாகிப் படிந்துவிடும். நாங்கள் தினம் திட்டித் திட்டி உரிக்கிற அந்த வெள்ளைப் படையின் சொந்தக்காரன்தான் எங்கட பல்லைக் காத்தவன். (எங்கட தண்ணிக்கு நைத்திரேற்று, எண்ணெய் என்று வேற தலையிடிகள் இருக்கு, அது இன்னொரு கட்டுரை.)

எவ்வளவு கூடினால் கூடுதல்? உலக சுகாதார நிறுவனம் லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் என்கிறது. ஆனால் குளிர்நாட்டில் ஒருவர் குடிக்கிற தண்ணியும் வெயிலில் வயல் வேலை செய்கிறவர் குடிக்கிற தண்ணியும் ஒன்றா? 1992இல் வர்ணகுலசூரியவும் கூட்டாளிகளும் எங்கட பிள்ளைகளின் பல்லைப் பார்த்து, எங்களைப் போன்ற வெக்கை நாடுகளுக்கு 0.8தான் பொருத்தம் என்றார்கள். எங்கட நாட்டுத் தர எல்லை இப்போது 1.0.

1990களின் நடுப்பகுதியிலிருந்து வடமத்திய மாகாணத்தில் காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் பரவியது. கமக்காரர்தான் கூடுதலாக விழுந்தார்கள். புளோரைட்டு, தண்ணியின் கடினத்தன்மை, கட்மியம், பீடைகொல்லி, வெயில் வேலை என்று சந்தேக நபர்களின் வரிசை நீளம், தீர்ப்பு இன்னும் இல்லை. 2017இல் வெளியான ஒரு இலங்கை ஆய்வு எங்களை நிறுத்தி யோசிக்க வைத்தது. சுண்டெலிகளுக்குப் புளோரைட்டு, கட்மியம், கடின நீர் என்பவற்றைச் சேர்த்துச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒவ்வொன்றும் உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையைத் தாண்டாத அளவில் இருக்கும்போதே, கூட்டாகச் சேர்ந்தால் சிறுநீரகம் கடுமையாகப் பழுதானது. எல்லைகளை நாங்கள் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாகத்தான் எழுதி வைத்திருக்கிறோம். சுண்டெலி எல்லாத்தையும் ஒரே மிடறில் குடிச்சுது.

தடுக்க வழி இல்லையா? இருக்கு, அதுவும் மலிவாய். 1995இல் நீர்வழங்கல் சபையைச் சேர்ந்த பத்மசிறியும் திசாநாயக்கவும் ஒரு எளிய வடிகட்டியை எழுதினார்கள். புதிதாகச் சூளையில் சுட்ட செங்கல்லை உடைத்துப் போட்டு, கரியும் சேர்த்து, தண்ணியைக் கீழிருந்து மேலாக மெல்ல விடுவது. செங்கல் புளோரைட்டைப் பிடித்துக்கொள்ளும். சில மாதத்துக்கு ஒருக்கா கல்லை மாற்ற வேண்டும். நெல்லூரில் தொடங்கின கதைக்குச் சூளைக்கல்லில் ஒரு பதில்! எங்களுக்கு வந்த சந்தோசத்தில் உடனே கூட்டாளியை வீட்டுக்கு அழைப்பெடுக்கச் சொன்னம். ஒலிபெருக்கியில் போட்டான்.

அவனுடைய அம்மா பொறுமையாய்க் கேட்டா. பிறகு சொன்னா: "முந்தி ஆரோ கொண்டுவந்து வைச்சவை தம்பி. கல்லு மாத்த ஆள் இல்லை. இப்ப சந்தியில வடிகட்டிற மிசின் பூட்டிக் காசுக்குக் குடுக்கினம். குடிக்க அதைத்தான் வாங்கிறம்."

"மாட்டுக்கு?" எங்கட வரலாறுக்காரி கேட்டாள்.

"மாட்டுக்கு ஆரும் காசு குடுத்துத் தண்ணி வாங்குவினமே பிள்ளை. மிசினால கழிச்சு விடுற தண்ணி பின்னால வாய்க்காலில போகும். கோடையில குளம் வத்தினால் பட்டி முழுக்க அங்கதான் வந்து குடிக்கும்."

அந்த மிசின் நல்ல தண்ணியை ஒரு பக்கமும், அதிலிருந்து பிரித்தெடுத்த உப்பையும் புளோரைட்டையும் செறிவாக்கி மறுபக்கமும் தள்ளுகிறது. நாங்கள் நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டம். அம்மம்மாவின் மாட்டுப் பல்லைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறம். அது புளோரைட்டுத்தானா என்று படத்தைப் பார்த்துச் சொல்ல எங்களால் ஏலாது. தண்ணியையும் பரிசோதிக்க வேணும், மாட்டையும் ஒரு மிருகவைத்தியர் பார்க்க வேணும். அடுத்த விடுமுறைக்கு நாலு பேரும் போறம். ரெண்டு போத்தல் கொண்டுபோறம். ஒன்று குழாய்க்கிணத்துக்கு, மற்றது வாய்க்காலுக்கு.